ஹவாய்ப் பேரலைப் போட்டிக்கு மலையகத்தில் கண்விழிப்பது எப்படி

ஹவாயில் ஞாயிறு காலை 8 மணி என்றால் இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் அதே ஞாயிறு இரவு 11.30. புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் கோட்டை விடுகிறார்கள். "காலையில்தானே, எழுந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று படுத்துவிடுவார்கள். எழுந்து பார்த்தால் பரிசும் கொடுத்து முடித்திருப்பார்கள். சரி, அடுத்த வருடம் பார்ப்போம் என்றும் இருக்க முடியாது. 2009 டிசம்பரில் நடந்த போட்டி அடுத்து நடந்தது 2016 பெப்ரவரியில். அதற்கடுத்தது 2023 ஜனவரியில்.

நான் சொல்வது ஒவாஹு தீவின் வடகரையில், வைமேயா குடாவில் நடக்கும் எடி ஐக்காவ் பேரலைச் சறுக்குப் போட்டியை, அதாவது பலகையில் நின்று பெரிய அலையில் சறுக்கும் போட்டியை. 1984-85 பருவத்தில் தொடங்கியது. 2024 டிசம்பர் வரைக்கும் எண்ணினால் மொத்தம் 11 முறைதான் நடந்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் வீரர்களை அழைத்து, டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஏறக்குறைய மூன்று மாதம் எல்லோரும் தயாராக இருப்பார்கள். கடல் ஒத்துழைத்தால் ஒரே நாளில் போட்டி முடியும். ஒத்துழைக்காவிட்டால் அந்த வருடம் ஒன்றும் இல்லை.

எனக்கு இதில் எப்படி ஆர்வம் வந்தது என்றால், எல்லாம் மாமாவின் தேத்தண்ணிக் கடையால்தான். சிவனொளிபாதமலை சீசனும் இந்தப் போட்டியின் காத்திருப்புக் காலமும் ஏறத்தாழ ஒன்றாகத் தொடங்குகின்றன. டிசம்பர் போயாவில் மலை திறந்தால் வெசாக் வரை, மலைக்கு ஏறும் நல்லதண்ணிப் பாதையில் இரவுதான் வியாபாரம். கண்விழித்தே ஆகவேண்டும், கையில் ஃபோன் இருக்கிறது. அப்படித்தான் ஆரம்பித்தது. மாமா இன்றைக்கும் கடையைத் திறந்ததும் கேட்பார்: "என்னடா, இன்னைக்காவது ஒங்க கடலு வருதா?" பெரும்பாலான நாள் என் பதில் "இல்ல மாமா"தான்.

இந்த வழிகாட்டி அப்படி "இல்ல" என்று சொல்லிப் பழக விரும்புகிறவர்களுக்கு.

முதல் வேலை, நேரக் கணக்கு

ஹவாய் நம்மைவிட பதினைந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே கோடைகால நேரமாற்றம் கிடையாது, ஆகவே இந்தக் கணக்கு வருடம் முழுக்க மாறாது. மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுலப வழி: காலையை இரவாக்கு, மூன்றரை கூட்டு. காலை 8 என்றால் இரவு 8, அதோடு மூன்றரை, 11.30. பிற்பகல் 4 மணி என்றால் மறுநாள் அதிகாலை 4, அதோடு மூன்றரை, 7.30. போட்டி பெரும்பாலும் இந்த இரண்டு எல்லைக்குள் அடங்கும். ஜனவரியில் அங்கே விடிவது காலை 7.10 போல, நமக்கு இரவு 10.40. "இன்று உண்டா, இல்லையா" என்ற கடைசி முடிவும் அந்த விடியற்காலையை ஒட்டித்தான் வரும். ஆக இரவு பத்துமணிக்கு மேல் தூங்கக் கூடாது. அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் தூங்கிக்கொண்டால் புத்திசாலித்தனம்.

கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 22, 2024 டிசம்பர் 22 இரண்டுமே அங்கே ஞாயிற்றுக்கிழமை. நமக்கு முடிந்தது திங்கட்கிழமை காலை, தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு வேலையாட்களைக் கூப்பிடும் நேரத்தைத் தாண்டி. லீவு கேட்கவேண்டியது ஞாயிற்றுக்கு அல்ல, திங்களுக்கு.

எதற்காக இவ்வளவு காத்திருப்பு

இதைப் புரிந்துகொள்ளாமல் பார்க்க உட்கார்ந்தால் இரண்டாம் வாரமே அலுத்துவிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வைமேயாவில் அலையின் முகப்பு சுமார் 40 அடி, அதாவது 12 மீட்டர், வரவேண்டும். மூன்று நான்கு மாடிக் கட்டடம் எழுந்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே புதியவர்களைக் குழப்பும் ஒன்று உண்டு. ஹவாய்க்காரர்கள் அலையைப் பின்பக்கமாக அளக்கும் பழக்கமுள்ளவர்கள். அவர்கள் கணக்கில் இது 20 அடிதான். ஹொனலுலு வானிலை அலுவலகமோ முன்பக்கத்தை அளந்து 40 என்று சொல்லும். ஒரே அலைக்கு இரண்டு எண். எந்தச் செய்தியைப் படித்தாலும் யார் கணக்கு என்று முதலில் பாருங்கள். நான் முதல் வருடம் 25 அடி என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாலு பேரைக் கூட்டி உட்காரவைத்தேன். அது வானிலை அலுவலகத்துக் கணக்கு. அன்று வைமேயாவில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நாலு பேரில் இரண்டு பேர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

உயரம் மட்டும் வந்தால் போதாது. அலை வடமேற்குத் திசையிலிருந்து வரவேண்டும். காற்று மெதுவாக, முடிந்தால் கரையிலிருந்து கடல் நோக்கி வீசவேண்டும். கடலிலிருந்து கரைக்கு அடித்தால் அலையின் முகம் கலைந்து, சறுக்க இடமில்லாமல் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த உயரம் பகல் முழுக்க, எட்டு மணி நேரமாவது நிற்கவேண்டும். அலை நள்ளிரவில் உச்சத்துக்கு வந்து விடியலில் இறங்கிவிட்டால், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிரயோசனம் இல்லை. நிறைய வருடங்கள் வீணாய்ப் போனதில் இதற்குப் பெரிய பங்குண்டு.

அளவுக்கு மீறியும் வரக்கூடாது. 1998 ஜனவரி 28 அன்று அலை அவ்வளவு பெரிதாக வந்ததில் குடாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சுவராக மடிந்து விழுந்தது. தப்பி ஓட ஒதுக்கு இல்லை. போட்டியைக் கைவிட்டார்கள். சின்னதென்றாலும் இல்லை, பெரிதென்றாலும் இல்லை. மலையில் சூரியோதயம் பார்க்கப் போகிறவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது: மேகமே இல்லாவிட்டால் வானத்தில் நிறம் இல்லை, கூடிவிட்டால் சூரியனே இல்லை.

வானிலைப் படத்தைப் பார்ப்பது

போட்டிக்கு ஒரு வாரம் முன்பே தடயம் கிடைக்கத் தொடங்கும். விண்டி போன்ற செயலியைத் திறந்து, ஜப்பானுக்குக் கிழக்கே, அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே வட பசிபிக்கைப் பாருங்கள். அங்கே ஒரு தாழமுக்கம் இறுகிச் சுழல்கிறதா, அதன் காற்று நேராக ஹவாயை நோக்கி நீண்ட தூரம் வீசுகிறதா என்பதுதான் கேள்வி. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்றாலே நாம் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறோம். இங்கே மட்டும்தான் தாழமுக்கத்துக்காக வேண்டிக்கொள்வேன். நடுக்கடலில் சுழலட்டும், யார் வீட்டுக் கூரையையும் தொடாமல்.

அமெரிக்கக் கணிப்பும் ஐரோப்பியக் கணிப்பும் அதே செயலியில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் மட்டும் நம்பத் தொடங்குங்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் வரும் கணிப்பில் புயல் எப்போதும் பிரமாதமாகத்தான் இருக்கும். நாள் நெருங்க நெருங்கச் சுருங்கும். நாலு நாள் தள்ளியும் சுருங்காமல் நின்றால் அப்போது வீட்டில் சொல்லிவையுங்கள்.

அந்தப் புயலில் பிறந்து ஓடிவரும் அலைத்தொடரை ஸ்வெல் என்பார்கள். புயல் ஹவாயைத் தொடவே தேவையில்லை; அலை மட்டும் பிரிந்து வரும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை வினாடி என்பது உயரத்தைவிட முக்கியமான எண். 20 வினாடி இடைவெளி உள்ள ஸ்வெல் ஆழ்கடலில் மணிக்கு சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 14 வினாடி என்றால் சுமார் 39 கிலோமீட்டர்தான். 20 வினாடி அலைக்கு இரண்டு முகடுகளுக்கு நடுவே 600 மீட்டருக்கு மேல் இடைவெளி. அதன் அசைவு கடலுக்குள் வெகு ஆழம்வரை இறங்கியிருக்கும். கரையோரப் பாறையில் ஏறும்போது அத்தனையும் மேலே எழும்பும். அதனால்தான் நடுக்கடலில் ஒரே உயரமாக இருந்த இரண்டு ஸ்வெல்லில் ஒன்று கரையில் மலையாகவும் மற்றது சாதாரணமாகவும் வந்து விழுகிறது.

மிதவை, என் செல்லப்பிள்ளை

வானிலைப் படம் என்பது கணிப்பு. மிதவை, அதாவது கடலில் மிதந்தபடி அலையை அளக்கும் கருவி, நடந்ததைச் சொல்வது. அமெரிக்காவின் தேசியத் தரவு மிதவை மையம் கடலில் போட்டிருக்கும் மிதவைகளின் அளவுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டிய எண் 51001. காவாயித் தீவுக்கு வடமேற்கே நடுக்கடலில் கிடக்கிறது. அது பழுதாகிக் கிடந்தால் பக்கத்திலேயே 51101. வைமேயாவுக்கு எதிரிலேயே இருப்பது 51201.

மிதவைப் பக்கத்தைத் திறந்தால் நிறைய எண்கள் வரும். மூன்றை மட்டும் பாருங்கள்: அலை உயரம், இடைவெளி வினாடி, திசை. உயரம் என்று அது காட்டுவது உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. தனித்தனி அலை அதைவிட மிகப் பெரிதாக வரும், சிலநேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகவும். நேரம் கிரீன்விச் கணக்கில் இருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்வெல் வரும் முதல் அடையாளம் உயரத்தில் தெரியாது. இடைவெளி திடீரென்று 12இலிருந்து 20க்கும் மேல் தாவும். உயரம் அப்படியே இருக்கும். நீண்ட அலைகள் வேகமாக ஓடுவதால் அவைதான் முதலில் வந்து சேர்கின்றன. அந்தத் தாவலைப் பார்த்தவுடன் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். மாமாவுக்குச் சிலிர்க்காது. "நம்பரு மாறுனதுக்கா இவ்வளவு சந்தோசம்?" என்பார்.

51001இலிருந்து வைமேயாவுக்குச் சுமார் 500 கிலோமீட்டர். 20 வினாடி ஸ்வெல்லுக்கு அது ஒன்பது மணி நேரப் பயணம். இதை நம் கடிகாரத்தில் போட்டுப் பார்ப்போம். நமக்கு மத்தியானம் 1.30க்கு மிதவை ஏறத் தொடங்கினால் அங்கே முந்தைய இரவு 10 மணி. ஒன்பது மணி நேரம் கழித்து வைமேயாவில் காலை 7. பொருத்தமான நேரம். அதே ஏற்றம் நமக்கு அதிகாலை 3.30க்குத் தொடங்கினால் அங்கே பகல் 12. அலை போய்ச்சேர இரவு 9 ஆகிவிடும். அப்படியானால் போட்டி மறுநாளைக்கு நின்று பிடிக்குமா என்று பார்க்கவேண்டியதுதான். ஆகவே பகல் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மிதவையைப் பாருங்கள் என்பது என் அறிவுரை. என் கைக்கணக்கு இது: மிதவையில் 6 மீட்டருக்கு மேல், 17 வினாடிக்கு மேல், திசை 310 முதல் 330 பாகைக்குள், அதாவது வடமேற்கு. மூன்றும் சேர்ந்தால் அன்று தூக்கம் இல்லை.

பச்சைக்கொடி காட்டினாலும்

ஏற்பாட்டாளர்கள் முதலில் கவனத்தில் வைத்திருக்கிறோம் என்பார்கள். இரண்டு மூன்று நாள் முன்பு பச்சைக்கொடி காட்டுவார்கள். அந்த அறிவிப்பில் வடகரையே மாறிப்போகும். வைமேயாவுக்குப் போகும் கமெஹமெஹா நெடுஞ்சாலை ஒரு பக்கத்துக்கு ஒரு தடமே உள்ள சின்னப் பாதை. சீசன் வார இறுதியில் மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்கு வாகனம் நகராமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முந்தின இரவே ஆட்கள் பாயும் போர்வையுமாக வந்து படுத்துவிடுவார்கள். உலகின் வேறு மூலைகளில் இருக்கும் வீரர்கள் மூன்று மீட்டர் நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு கிடைத்த விமானத்தில் ஏறுவார்கள்.

இவ்வளவும் நடந்த பிறகும் இல்லையென்று சொல்வது உண்டு. 2016 பெப்ரவரி 10 அன்று கூட்டம் இரவெல்லாம் காத்திருந்தது; விடிந்ததும் அலை தொடர்ந்து வரவில்லை என்று கலைத்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, பெப்ரவரி 25 அன்று நடந்தது. 2023இலும் ஜனவரி 11க்குக் காட்டிய பச்சைக்கொடியை இறக்கி, 22ஆம் தேதிதான் நடத்தினார்கள். இதில் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வராது. "குடாதான் நாளைக் குறிக்கும்" என்பது அங்கே பழகிப்போன பேச்சு. ஆட்கள் வந்துவிட்டார்கள், விளம்பரக்காரர்கள் காசு கொடுத்துவிட்டார்கள் என்று சுமாரான கடலில் நடத்தியிருந்தால் நாற்பது வருடத்தில் நாற்பது போட்டி ஆகியிருக்கும், ஒருவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

உங்களுக்குச் சொல்வது: பச்சைக்கொடி வந்த அன்றே லீவு எழுதிக் கொடுக்காதீர்கள். வாய்வார்த்தையாகச் சொல்லி வையுங்கள். மத்தியானம் மிதவை ஏறியபின் உறுதிசெய்யுங்கள்.

இரவுக்கு வேண்டியவை

டேட்டா பற்றி முதலில். எட்டு மணி நேர நேரலையை நடுத்தரத் தெளிவில், அதாவது 480இல், பார்த்தால் சுமார் 4 ஜிபி போகும். 720க்கு ஏற்றினால் இரட்டிப்புக்கு மேல். சில பொதிகளில் நள்ளிரவுக்கு மேல் பயன்படுத்தத் தனியாக டேட்டா இருக்கும். அது உங்களிடம் இருந்தால் இந்தப் போட்டி உங்களுக்காகவே நடப்பதுபோல் இருக்கும். ஆனால் முதல் அரை மணி நேரம் பகல் டேட்டாவில்தான் போகும், மறந்துவிடாதீர்கள்.

டவர் கிடைக்கும் மூலையை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மலைக்கு இந்தப் பக்கம் மூன்று கோடு, இரண்டடி நகர்ந்தால் ஒன்றுமில்லை என்பது நமக்குத் தெரிந்த கதை. எங்கள் கடையில் சீனி டின்னுக்கு மேலே வைத்தால் படம் வரும், கீழே வைத்தால் சுற்றிக்கொண்டே நிற்கும்.

நேரலை எங்கே வரும் என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது. போட்டியின் சொந்தப் பக்கத்தில் கொடுக்கும் இணைப்பை மட்டும் எடுங்கள். போட்டி நாளன்று "நேரலை" என்ற பெயரில் முளைக்கும் பக்கங்கள் வங்கி அட்டை எண்ணைக் கேட்கும். ஒருநாளும் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்துவிட்டு, பார்த்தது பழைய போட்டியின் பதிவு. அதைக்கூட அவர் விடியும்வரை உற்சாகமாகப் பார்த்தார் என்பது தனிக்கதை.

குளிர். ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில்தான் நுவரெலியாப் பக்கம் பனி உறைந்து கொழுந்து கருகுகிறது. அந்தக் குளிரில் ஃபோன் மின்கலமும் சீக்கிரம் இறங்கும். பவர்பேங்கை மேசையில் வைக்காமல் ஸ்வெட்டருக்குள் வையுங்கள். கம்பளி, குல்லா, ஃபிளாஸ்க் நிறைய இஞ்சி போட்ட பிளேன்டீ. இரண்டு மணிக்கு ஒரு பசி வரும். ரொட்டியும் கட்டச் சம்பலும் சுற்றி வைத்துக்கொண்டால் அடுப்பு மூட்ட எழுந்து நல்ல அலையைத் தவறவிடவேண்டாம்.

லயத்தில் இருக்கிறவர்களுக்கு ஹெட்செட் கட்டாயம். பக்கத்துக் காம்பராவில் விடிந்தால் வேலைக்குப் போகிறவர்கள் தூங்குகிறார்கள். வர்ணனையாளர் கத்துவதைவிட நாம் கத்துவதுதான் பிரச்சினை, அதற்கு ஹெட்செட் உதவாது.

என்ன பார்ப்பது

வீரர்கள் குழுக்களாக இறங்குவார்கள். ஒரு குழுவுக்கு முக்கால் மணியோ ஒரு மணியோ. யாரும் வெளியேற்றப்படுவதில்லை, ஒவ்வொருவரும் இரண்டு முறை இறங்குவார்கள், சிறந்த அலைகளின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். கைகளால் துடுப்புப்போட்டு அலையைப் பிடிக்கவேண்டும். ஜெட் ஸ்கி என்ற நீர் மோட்டார் வண்டி உயிர்காப்புக்கு மட்டும்.

புதியவர்கள் பலகையில் நிற்பவரையே பார்ப்பார்கள். நீங்கள் அதற்கு முந்தைய ஐந்து வினாடியைப் பாருங்கள். தொடுவானில் கறுப்புக் கோடு எழும். எல்லோரும் ஆழத்தை நோக்கித் துடுப்புப் போடுவார்கள். ஒருவர் மட்டும் திரும்புவார். திரும்பியபின் மனம் மாற இடமில்லை. அப்புறம் அலை முடிந்தபின் வெள்ளை நுரைக்குள் ஜெட் ஸ்கி எப்படிப் புகுந்து ஆளைத் தூக்குகிறது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் அந்த ஓட்டுநர்களுக்கும் புள்ளி போடவேண்டும்.

அலை தொகுப்புத் தொகுப்பாக வரும். நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் கடல் சும்மா கிடக்கலாம். டீ ஊற்றிக்கொள்ளவேண்டியது அப்போதுதான்.

இந்தப் போட்டியின் பெயருக்கு உரியவர் ஒரு உயிர்காப்பாளர். எடி ஐக்காவ் 1968இல் வடகரையில் உயிர்காப்பாளராகச் சேர்ந்தவர். நூற்றுக்கணக்கானோரைக் கடலிலிருந்து மீட்டதாகச் சொல்வார்கள். 1978 மார்ச்சில் ஹோக்குலேயா என்ற பாய்மரப் படகு கவிழ்ந்தபோது, உதவி கொண்டுவரத் தன் பலகையில் ஏறிக் கரை நோக்கிப் போனார். படகில் இருந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். அவர் கிடைக்கவே இல்லை. 2016 போட்டியில் அவருடைய தம்பி கிளைட் ஐக்காவ் 66 வயதில் இறங்கினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2023இல் வென்ற லூக் ஷெப்பர்ட்சனும் வைமேயா உயிர்காப்பாளர்தான். அன்று அவருக்கு விடுமுறைகூட இல்லை. வேலை நேரத்தின் நடுவே இறங்கிச் சறுக்கிவிட்டு, திரும்பிப் போய்க் கடமையைப் பார்த்தார். அந்த வருடம்தான் பெண்கள் முதன்முறையாக இந்தப் போட்டியில் கடலில் இறங்கினார்கள். இங்கே அது தை அமாவாசைக்கு மறுநாள் இரவு. பாதையில் விளக்கு வெளிச்சம் தவிர ஒன்றும் இல்லை. மலை ஏறிய ஒரு குடும்பம் டீ குடிக்க நின்றது, பாட்டி ஃபோனை எட்டிப் பார்த்துவிட்டு, "இவங்க எல்லாம் வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தாங்களா?" என்று கேட்டார். அலை கரையைத் தாண்டி ஏறிப் பார்வையாளர்களையே சாய்த்ததைக் காட்டியபோது அந்தக் குடும்பம் எழுந்திருக்கவே இல்லை. சூரியோதயத்தைத் தவறவிட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தூக்கம் கெடக் கூடாதென்றால்

போர்த்துகலின் நசரேயில் தொடங்குங்கள். குளிர்காலத்தில் அங்கே காலை 9 என்றால் நமக்குப் பிற்பகல் 2.30. அதுவும் கடலைப் பார்த்து நாள் குறிக்கும் போட்டிதான். கடலடியில் உள்ள பள்ளத்தாக்கு அலையைக் குவித்துத் தள்ளுவதால் உயரம் வைமேயாவையும் மிஞ்சும். 2020 அக்டோபரில் செபாஸ்டியன் ஸ்டூட்னர் சறுக்கிய 86 அடி அலை உலக சாதனையாகப் பதிவானது. ஆனால் அங்கே ஜெட் ஸ்கியால் இழுத்து அலையில் விடுவார்கள். பார்க்கப் பிரமாண்டம். என் மனசு என்னவோ கையால் துடுப்புப் போடுகிறவர்கள் பக்கம்தான்.

நேரிலேயே அலைச்சறுக்கு பார்க்க ஆசை வந்துவிட்டால் அறுகம்பை இருக்கிறது. வெலிமடை, பண்டாரவளை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில் என்று இறங்கவேண்டும். சீசன் ஏப்ரல், மே முதல் அக்டோபர் வரை. வைமேயாவுக்கு நேர் எதிர்ப்பருவம். அலை ஆள் உயரத்தைச் சுற்றித்தான் இருக்கும், அதற்குள் 12 மீட்டரைத் தேடாதீர்கள். ஆனால் அந்த ஆள் உயர அலையின் சத்தத்தை ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டுவிட்டால், ஃபோனில் பார்க்கும் வைமேயா வேறு மாதிரித் தெரியும்.

இரவு 10.40க்கு இல்லை என்று அறிவித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஃபோனை அணைத்து மின்கலத்தைக் காப்பாற்றுங்கள். நீங்கள் நல்லதண்ணிப் பக்கம் இருந்தால், மூன்று மணி நேரத்துக்குமேல் தூங்காமலே இருந்து, ஃபிளாஸ்க்கையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கு மலை ஏறத் தொடங்குங்கள். ஜனவரியில் சூரியன் ஆறே காலுக்கு மேல்தான் வரும், நிதானமாக ஏறலாம். மேலே மூட்டமாக இருந்தால் என்னிடம் வராதீர்கள். இறங்கும் வழியில் மாமாவிடம் சொல்லுங்கள், அவர் அதற்கென்றே ஒரு டீ வைத்திருக்கிறார்.